பக்கத்து ஊர்க்காரி

எனக்கு அவளைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுநிலையாகப் பேசப்போகிறான் என்று நினைத்து யாரும் பிறகு ஏமாற வேண்டாம். ஒன்பது வருடம் ஒரே கூரையின் கீழ் அவளோடு வேலை பார்த்தேன், பிடிக்கவில்லை. அவள் போன பிறகும் பிடிக்கவில்லை. அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை இதில் வந்துவிட்டால், அது என்னை மீறி வந்தது.

நாங்கள் வேலை பார்த்தது ஓர் ஒயின் கடையில். பெரிய சாலை, ஒரு பக்கம் வங்கி, இன்னொரு பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை. உள்ளே நுழைந்ததும் வலது சுவரை அடைத்துக்கொண்டு ஒரு வரைபடம் இருக்கும். நாட்டிலுள்ள திராட்சைத் தோட்டங்கள் எல்லாம் அதில் பச்சை. ஒரே ஓர் இடத்துக்கு மட்டும் தங்க நிறம் அடித்திருக்கும். ஆற்றங்கரையில் ஒரு குன்றின் தெற்குச் சரிவு, வரைபடத்தில் கட்டைவிரல் அளவுதான். பேரும் புகழும் அந்தக் கட்டைவிரலுக்குத்தான். வருகிறவர்கள் எல்லாரும் நேராகப் போய் அங்கே விரலை வைப்பார்கள். நான் ஏணி போட்டு மேல்தட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பேன். இருபத்திரண்டு வருடம் அதுதான் என் வேலை. கடையில் எனக்குப் பெயரே 'மேல்தட்டு'.

அவளுக்குக் கீழ்த்தட்டு. முழங்காலுக்குக் கீழே இருக்கும் வரிசை. குனிந்து பார்த்தால்தான் அங்கே என்ன இருக்கிறது என்று தெரியும். கையில் காசிருப்பவன் குனிய மாட்டான் என்று எங்கள் முதலாளிக்குத் தெரியும். அதனால்தான் அந்த வரிசையை நம்பி அவளிடம் விட்டார்.

அவள் வந்த கதையைச் சொல்கிறேன். ஊருக்கு வெளியே பாட்டில் நிரப்பும் ஆலை ஒன்றில் பதினோரு வருடம் லேபிள் ஒட்டியவள். ஒரு நாள் காலையில் ஒரு தொட்டி ஒயினுக்குச் சாதாரண லேபிள் ஒட்டினாளாம். மதியச் சாப்பாடு முடிந்து வந்தால் அதே தொட்டி, அதே குழாய். கையில் கொடுத்த லேபிள் மட்டும் தங்கப் பகுதியுடையது. மேற்பார்வையாளரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். "ஒட்டுறதுதான் உன் வேலை, படிக்கிறது இல்ல" என்றாராம். மறுநாளிலிருந்து போகவில்லை. இந்தக் கதையை அவள் குறைந்தது நூறு முறை சொல்லி நான் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என் மேல்தட்டைப் பார்த்துக்கொண்டேதான் சொல்வாள். வயிறு எரியும்.

கல்யாணம் ஆகி, அது ஒத்துவராமல், தங்கை வீட்டு மாடியில் ஒற்றை அறையில் இருந்தாள். ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், சுவரோரமாகக் கவிழ்த்து வைத்த முப்பது கிளாஸ். தங்கை புருஷன் ஒரு தடவை கடைக்கே வந்து என்னிடம் புலம்பினார். "ஞாயித்துக்கிழமைன்னா பஸ் ஏறிப் போயிடறாங்க சார். கடைசி ஸ்டாப்புல இறங்கி நடக்கறாங்களாம். சாயங்காலம் பத்துப் பாட்டிலோட வந்து ராத்திரி வரைக்கும் வாயில ஊத்தித் துப்பிட்டு இருக்காங்க. பிள்ளைங்க பெரியம்மாவுக்கு என்ன வியாதின்னு கேக்குதுங்க." ருசி பார்ப்பவர்கள் விழுங்காமல் துப்பத்தான் வேண்டும் என்று நான் அவருக்கு விளக்கவில்லை, மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஆனால் அந்த நடையில்தான் அவள் சரக்குப் பிடித்தாள். தங்க நிறம் எங்கே முடிகிறதோ அங்கே போய் நிற்பாள். ஆற்றுக்கு அக்கரையில் என்ன விளைகிறது, குன்றுக்குப் பின்னால் யார் கொடி வைத்திருக்கிறார்கள், யாரும் வாயில் நுழையாத பெயருள்ள திராட்சையை எவன் இன்னும் பிடுங்கி எறியாமல் வைத்திருக்கிறான், எல்லாம் அவளுக்குத் தெரியும். தோட்டக்காரன் ஆசையாக ஊற்றிக் கொடுப்பதை ஒரு வாய் வைத்துத் துப்பிவிட்டு, "பீப்பா வாசனைதான் வருது, திராட்சை எங்க?" என்று கேட்டுவிட்டு வருவாள். பத்துப் பேரில் ஒன்பது பேர் நாயை அவிழ்த்துவிடுவார்கள். பத்தாவது ஆளின் ஒயின் கீழ்த்தட்டுக்கு வரும்.

வாயாவது கொஞ்சம் இனிப்பாக இருக்கக் கூடாதா? அதுவும் இல்லை. ஒரு பல் டாக்டர் எங்கள் பழைய வாடிக்கையாளர். அவர் தங்கத்தில் விரலை வைத்து, நான் ஏணியில் பாதி ஏறியிருப்பேன். கீழேயிருந்து குரல் வரும்.

"இன்னிக்கு வீட்ல என்ன சாப்பாடு சார்?"

"கோழி."

"கோழிக்கு எதுக்கு இவ்ளோ பெரிய ஆளு? பக்கத்து ஊர்ல பாத்தீங்களா?"

"பக்கத்து ஊரா?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம். அதே கொடி, அதே மண்ணு. இந்தக் கரைக்கு அடிக்கிற வெயில் அந்தக் கரைக்கு அடிக்காதா? சூரியனுக்கு லேபிள் படிக்கத் தெரியுமா என்ன?"

டாக்டர் சிரித்தபடி குனிவார். நான் ஏணியில் பல்லியாட்டம் ஒட்டிக்கொண்டு நிற்பேன். என் ஒரு பாட்டில் விலைக்கு அவளுடையது பன்னிரண்டு வரும். அதை எடுத்துக்கொண்டு அவர் போய்விடுவார். யார் வந்தாலும் இதே பாட்டு. கடைப் பையன்கள் அவளுக்குப் 'பக்கத்து ஊர்க்காரி' என்று பெயர் வைத்தார்கள். சொல்லிக்கொடுத்தது நான்தான்.

அவளுடைய சரக்கில் அவளுக்கே உயிரான ஒன்று இருந்தது. தங்கம் ஒரு வண்டிப்பாதையில் வந்து முடிகிறது. பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு மாமியாரும் மருமகளும் நடத்தும் தோட்டம். இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசி ஆறு வருடம் ஆகிறதாம். சண்டையைக் கொடிகளிடம் காட்டாமல் ஒயின் மட்டும் சேர்ந்து செய்கிறார்கள். பாதைக்கு இந்தப் பக்கம் இருந்திருந்தால் அது என் மேல்தட்டில் இருந்திருக்கும் என்பாள். குடித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. அதனால் இன்னும் எரிச்சல் வந்தது.

பிறகு முதலாளியின் மச்சான் வந்தார். முதலாளியின் மனைவிக்கு அண்ணன், இரண்டு ஹோட்டல் வைத்திருப்பவர். கடையைப் புதுப்பிக்கப் பணம் போடுகிறேன் என்றார். வந்தவர் கீழ்த்தட்டைக் காலால் சுட்டிக்காட்டினார்.

"இது எதுக்கு மாப்ள? தங்கம் விக்கிற கடையில தகரம் எதுக்கு? இதைத் தூக்கிட்டா விளக்கு போடலாம். ஆளையும் ஒண்ணு குறைக்கலாம்."

அவள் அங்கேயே, துடைக்கும் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "தகரம்னு குடிச்சுப் பாத்தா சொல்றீங்க?" என்றாள்.

"குடிக்கணுமாக்கும்?"

"கண்ணை மூடிட்டுக் குடிங்க. மேல்தட்டுல ஒண்ணு, என்னது ஒண்ணு. அவரோடது நல்லா இருக்குன்னு சொல்லுங்க, நானே போயிடறேன். என்னது நல்லா இருந்தா தட்டும் இருக்கும், நானும் இருப்பேன்."

திமிர் என்றால் இதுதான். விலை தெரிந்து குடித்தால் அவளுடையதைப் பாராட்ட ஆயிரம் வழி உண்டு. விலை தெரியாமல் ருசியோடு ருசியை மோதவிட்டால், உலகமே கொண்டாடும் ஒயினோடு அவள் தனியாக நிற்க வேண்டும். வேலை போனால் தங்கை வீட்டு மாடிகூட நிலையில்லை, அது எனக்குத் தெரியும். மச்சானுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. சனிக்கிழமை காலை பதினொரு மணி என்று முடிவானது. அவள் அந்த மாமியார் மருமகள் ஒயினை எடுத்து வைத்தாள். நான் மேல்தட்டின் வலது ஓரத்திலிருந்து, விருந்துக்கு மட்டும் இறக்கும் பாட்டிலை எடுத்தேன்.

எங்கள் கடையில் லேபிளை மறைக்கக் காகிதம் சுற்றுவதில்லை. பாட்டிலுக்குச் சாக்ஸ் மாட்டுவோம், கம்பளிச் சாக்ஸ். முதலாளியின் பழசுதான், துவைத்தது. எனக்குக் கறுப்பு, அவளுக்குப் பிரவுன் என்று நானே சீட்டுப் போட்டு எடுத்தேன். எது யாருடையது என்று எனக்கு மட்டும் தெரியும். திறந்து ஊற்றுவது என் பொறுப்பு.

"நீங்களே திறங்க. எனக்கு நம்பிக்கை இருக்கு" என்றாள். உடனே சேர்த்துக்கொண்டாள், "உங்க மேல இல்ல. ஒயின் மேல."

அந்த ஒரு வாக்கியம்தான் என்னைச் செய்ய வைத்தது என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அவள் அதைச் சொல்வதற்கு முன்பே முடிவு செய்துவிட்டேன்.

சனிக்கிழமை எட்டரைக்கே கடைக்குப் போனேன். அவளுடைய பாட்டிலை வெள்ளை ஒயின் வைக்கும் குளிர்ப்பெட்டியின் அடியில், ஐஸ் கட்டிகளுக்கு நடுவே சொருகினேன். சிவப்பு ஒயினை அப்படிக் குளிர வைத்தால் வாசனை செத்துவிடும். துவர்ப்பும் கசப்பும் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எடுத்துத் துடைத்துச் சாக்ஸ் மாட்டினேன். கம்பளி குளிரை வெளியே காட்டாது.

இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பாட்டிலைத் திறப்பவன் முதலில் தான் முகர்ந்து பார்க்க வேண்டும். தக்கை கெட்டுப்போயிருந்தால் ஒயினும் கெட்டிருக்கும். அதைக் கண்டுபிடித்து ஒதுக்கிவிட்டுத்தான் மற்றவர்களுக்கு ஊற்ற வேண்டும். பிரவுன் சாக்ஸைத் திறந்து முகர்ந்தேன். ஒரு வாசனையும் இல்லை. திருப்தியாக இருந்தது. கறுப்புச் சாக்ஸைத் திறந்தேன், முகரவில்லை. அந்தப் பாட்டிலை முகர்ந்து சோதிப்பது பெரிய அதிகாரியை வாசலில் நிறுத்தி அடையாள அட்டை கேட்பதைப் போல. இருபத்திரண்டு வருடத்தில் அதைப் போன்ற பாட்டிலை நான் மரியாதையோடு திறந்திருக்கிறேன், சந்தேகத்தோடு திறந்ததில்லை. நேராக ஊற்றினேன்.

மச்சான் முதலில் கறுப்பை எடுத்தார். மூக்குக்குக் கொண்டுபோனார். முகம் சுருங்கியது.

"என்னய்யா இது, மழையில நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி நாறுது?"

முதலாளி ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸைத் தள்ளி வைத்தார். மச்சான் பிரவுனை எடுத்தார். "இது ஜில்லுனு இருக்கு. நாக்கைப் பிடிக்குது. ஆனா குடிக்கலாம். இது எதுவா இருந்தாலும் இதான்."

இன்னும் அரை நிமிடத்தில் சாக்ஸைக் கழற்றுவார்கள். கடையின் பெருமைக்குரிய பாட்டில் தகரத்திடம் தோற்றது தெரியும். திறந்தவன் முகரவில்லை என்பதும் தெரியும். என் வேலை அங்கேயே, அந்த மேசையிலேயே முடிந்திருக்கும். அவளுடைய தட்டு நிலைத்திருக்கும். அவள் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும்.

அவளோ கறுப்புச் சாக்ஸ் ஒயினை ஒரு கிளாஸில் ஊற்றி முகர்ந்தாள்.

"நிறுத்துங்க" என்றாள். "இது தக்கை கெட்டுப்போனது. ஒயின் மேல தப்பில்ல. இதே ஒயின்ல இன்னொண்ணு திறங்க."

"சாக்ஸைக் கழட்டாமலே எதுன்னு தெரியுதா?" என்றார் முதலாளி.

"கழட்டித்தான் பாக்கணுமா? மேல்தட்டு இது. நாத்தத்துக்கு அடியில இருக்கு."

"அப்போ இப்ப நீதானேம்மா ஜெயிச்ச?"

"தக்கைகிட்ட ஜெயிச்சு என்ன செய்றது?"

இன்னொரு பாட்டிலை இறக்கினேன். கறுப்புச் சாக்ஸை அதற்கு மாற்றினேன். இந்தத் தடவை முகர்ந்தேன். ஊற்றினேன். மச்சான் ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினார். ரொம்ப நேரம் திறக்கவில்லை. பிறகு ஒரு சொல்தான் சொன்னார். "கறுப்பு."

அவள் தன் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தாள். பிரவுன் சாக்ஸ் பாட்டிலைப் பிடித்தாள். உள்ளங்கையை அதன்மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். நன்றி சொல்ல இல்லை, கோபம் தாங்காமல்.

"உங்களை யாரு சொல்லச் சொன்னா? பேசாம இருந்திருக்கலாம்ல?"

"உங்களுக்காகச் சொன்னேன்னு நினைச்சுக்காதீங்க" என்றாள். "அந்த ஒயின் என்ன பாவம் பண்ணுச்சு? யாரோ வெட்டின தக்கைக்கு அது ஏன் தோக்கணும்?"

ஒருவர் நமக்குக் கெடுதல் செய்தால் திருப்பிச் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். அவள் அதற்கும் வழி வைக்காமல் போய்விட்டாள். அன்றிலிருந்து முன்பைவிட அதிகமாக வெறுத்தேன்.

கீழ்த்தட்டை உடைத்து எடுத்தார்கள். அந்த இடத்தில் விளக்குகள் வந்தன. அவள் நாலே மாதத்தில் பின்தெருவில் மூடிக்கிடந்த சலவைக் கடையை வாடகைக்குப் பிடித்துவிட்டாள். தங்கை புருஷன்தான் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாராம், புலம்பியபடியே அடித்திருப்பார். என் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். பல் டாக்டர் துணிப்பையோடு பின்தெருவில் வரிசையில் நின்றதை என் கண்ணால் பார்த்தேன். பார்த்ததும் அவர் தலையைத் திருப்பிக்கொண்டார், ஏதோ தப்பு செய்தவர் போல.

அடுத்த வருடம் என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. விருந்துக்கு எண்பது பேர். முதலாளியையும் மச்சானையும் அழைத்தாகிவிட்டது.

"ஒயினுக்கு என்ன பண்ணப் போறீங்க?" என்றாள் மனைவி.

"கடையில சொல்லி வாங்கலாம்."

"எந்தக் கடையில? இருபத்தி மூணு வருஷமா ஏணி ஏறி எடுத்துக் குடுக்கறீங்க. ஒரு பாட்டில் வீட்டுக்கு வந்திருக்கா? நம்ம நாலு மாசச் சம்பளம் ஒரு மேசைக்குக் காணாது. பின்தெருவுக்கு நீங்க போறீங்களா, நான் போகட்டுமா?"

நான் போனேன். மதியம் கூட்டம் இருக்காது என்று கணக்குப் போட்டுப் போனேன். ஆறு பேர் நின்றார்கள். சுவரில் எங்கள் கடையில் இருப்பதைப் போலவே ஒரு வரைபடம். தங்கம் இருக்கும் இடத்தில் ஆணி அடித்துத் தினசரிக் காலண்டரை மாட்டியிருந்தாள். வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்குப் பத்து நிமிடம் பேசினாள். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி கடைசிவரை நிற்க வைத்தாள்.

"என்ன வேணும்?"

"மகளுக்குக் கல்யாணம். நாப்பது பாட்டில். சிவப்பு."

"கீழ பாருங்க."

அந்தக் கடையிலும் அவள் நல்லதைக் கீழேதான் வைத்திருந்தாள். குனிந்தேன். முழங்கால் சடக்கென்றது. மாமியார் மருமகள் ஒயின், வரிசையாக, தூசி இல்லாமல்.

"தர்றேன்" என்றாள். "ஆனா துணி சுத்தி, லேபிளை மறைச்சு மேசையில வைக்கக் கூடாது. பேரு தெரியற மாதிரி நிக்கணும். முடியாதுன்னா இப்பவே போயிடுங்க."

வெள்ளைத் துணி நாற்பது துண்டு வெட்டி வீட்டில் தயாராக வைத்திருந்தேன். எப்படித்தான் தெரிந்ததோ. முதலாளியின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. மகளின் முகமும் வந்தது. "சரி" என்றேன்.

பெட்டிகளை வண்டியில் ஏற்றிய பிறகு வாசல்வரை வந்தாள்.

"இன்னொண்ணு. இதை ஐஸ்ல வைக்காதீங்க. ஒரு தடவை வச்சது போதும்."

தெரியாது என்றுதான் ஒரு வருடம் நம்பியிருந்தேன். "தெரிஞ்சும் அன்னைக்கு ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டேன்.

"தக்கைக்கு மூக்கு சாட்சி, எல்லாரும் முகர்ந்து பாக்கலாம். ஐஸுக்கு யாரு சாட்சி? சொல்லியிருந்தா, தோத்தவ சாக்கு சொல்றான்னு முதல்ல நீங்கதான் சொல்லியிருப்பீங்க." உள்ளே போய்விட்டாள். வாழ்த்துகூடச் சொல்லவில்லை.

கல்யாண விருந்தில் பாட்டில்கள் துணியில்லாமல் நின்றன. முதலாளியும் மச்சானும் முன்வரிசை மேசையில் உட்கார்ந்தார்கள். மச்சான் பேச்சு மும்முரத்தில் லேபிளைப் பார்க்காமலே குடித்தார். நிறுத்தினார். இன்னொரு வாய் குடித்தார். பிறகு பாட்டிலைத் திருப்பிப் படித்தார். நான் தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"பிரமாதமா இருக்கே. கேள்விப்படாத பேரு" என்றார். "மாப்ள, அன்னைக்கு உங்க கடைப் பொம்பளை குதிச்சுதே, அது இதைக் கொண்டுவந்து வச்சிருந்தா ஜெயிச்சிருக்கும். ஒயினைப் பத்தி ஒண்ணும் தெரியாம ஏதோ மட்டமானதைக் கொண்டுவந்து வச்சுது."

சும்மா இருந்திருக்கலாம். அவளுக்காகப் பரிந்துபேச எனக்கென்ன வேண்டுதலா? ஆனால் 'ஒயினைப் பத்தி ஒண்ணும் தெரியாம' என்று அந்த ஆள் சொன்னதும் எனக்கு எங்கிருந்தோ பற்றிக்கொண்டு வந்தது. ஒன்பது வருடம் அவளை வெறுத்தவன் நான். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று என்னைத் தவிர யாருக்குத் தெரியும்?

"இதையேதான் வச்சாங்க" என்றேன். "பிரவுன் சாக்ஸ்ல இருந்தது இதான் சார். காலையில எட்டரை மணிக்கு நான்தான் ஐஸ்ல சொருகினேன்."

மச்சான் கிளாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முதலாளி மடியிலிருந்த துணியை எடுத்து மேசைமேல் வைத்து எழுந்தார்.

"திங்கக்கிழமை வராதே" என்றார். கல்யாண வீடு என்பதால் மெதுவாகத்தான் சொன்னார்.

அவர்கள் போன பிறகு காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். மனைவி வந்தாள், நடந்ததெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. ஒரு புதுப் பாட்டிலையும் தக்கைத் திருகியையும் என் முன்னால் வைத்துவிட்டு மகள் பக்கம் போனாள். திறந்தேன். கொஞ்சம் ஊற்றி முதலில் முகர்ந்து பார்த்தேன். பிறகு குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதற்காகவும் அவளை எனக்குப் பிடிக்கவில்லை.